மொறிஸ் மைனர் சீட்டு: ரெக்சினைக் கழற்றித் தோல் போட்டால் ஹட்டன் ஈரத்துக்கு நிற்குமா?

டிக்கோயா1098

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1966 மொறிஸ் மைனர் 1000, இரண்டு கதவு, 1098 சிசி. சீட்டில் இப்போது இருப்பது கறுப்பு ரெக்சின். முன் சீட்டு இரண்டும் மடிப்புக் கோட்டு வழியே வெடித்து, உள்ளே இருந்து மஞ்சள் தூள் கொட்டுகிறது. பின் சீட்டு பார்வைக்குச் சரி, உட்கார்ந்தால் ஒரு பக்கம் இறங்குகிறது.

தோல் போடலாம் என்று யோசனை. தோல் விற்கிறவர் ஒன்றரைத் தோல் போதும் என்கிறார், குஷன் பாஸ் நாலு வேண்டும் என்கிறார். பழைய ரெக்சினைக் கழற்றாமல் அதற்கு மேலேயே தோலை இழுத்து ஒட்டித் தரலாம், வேலை மிச்சம் என்றும் பாஸ் சொல்கிறார். அது சரிவருமா?

வண்டி நிற்பது தகரக் கூரை ஷெட்டில். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு. மே தொடங்கி செப்டெம்பர் வரை இந்தப் பக்கம் மழை எப்படி என்று தெரியும்தானே. அலுமாரிக்குள் வைத்த சப்பாத்தே பூஞ்சணம் பூக்கிற ஊரில் தோல் சீட்டு நிற்குமா?

ஊவா_தையல்

தம்பி கடைசியாகக் கேட்டதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அலுமாரிச் சப்பாத்தில் பூஞ்சணம் வருவது அது தோல் என்பதால் மட்டும் அல்ல. இருட்டு, காற்றோட்டம் இல்லை, உள்ளே கால் வியர்வை ஈரம். மூன்றும் சேர்ந்தால் துணியிலும் வரும், ரெக்சின் தையலிலும் வரும். வண்டிக்குள் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பிடிக்காமல் தோலுக்குக் காசு கொட்டாதீர்கள்.

இதற்கு ஒரு இலேசான வழி. தரை விரிப்பு முழுவதையும் தூக்கி வெளியே போட்டுவிட்டு, வெறும் தகட்டில் பத்திரிகைத் தாளை விரித்து, ஒரு இரவு மழையில் வண்டியை வெளியில் விடுங்கள். விடிந்ததும் எந்தத் தாள் நனைந்திருக்கிறது என்று பாருங்கள். முன்னால் கால் வைக்கும் இடம், அதுவும் டேஷுக்கு நேர் கீழே நனைந்தால் முன் கண்ணாடி ரப்பர். கதவுப் படி ஓரம் நனைந்தால் கதவுக்குள் இறங்கும் தண்ணீர். பின் சீட்டுக்கு அடியில் நனைந்தால் பின் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, டிக்கி ரப்பர் மூன்றையும் பாருங்கள். தாள் எல்லாம் காய்ந்திருந்து, ஈர ரோட்டில் ஓடிய பிறகு மட்டும் தரை நனைந்தால், தரையில் எங்கோ துருத் துளை. (மைனருக்குத் தரைத் தகடு கிடைக்காதே என்று பயப்பட வேண்டாம். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் சென்டர் தன் உதிரிப் பாகங்களை இலங்கையில் செய்வித்தது. அந்த அளவுக்கு இந்த வண்டிக்குக் கை பழகிய நாடு இது.)

ரெக்சினுக்கு மேலே தோல்: வேண்டாம். தோல் ஈரத்தை உறிஞ்சி மெல்ல மெல்ல வெளியே விடும். அடியில் ரெக்சின் இருந்தால் உறிஞ்சியது போக வழியில்லாமல் இரண்டுக்கும் நடுவில் தங்கும். பூஞ்சணம் வெளியே தெரியாது, கதவைத் திறந்தால் மணம்தான் முதலில் வரும். வெடித்த ரெக்சினின் விளிம்பும் நாலைந்து மாதத்தில் தோலின் முகத்தில் கோடாகத் தெரியும். அத்தோடு உள்ளே தூளாகிப்போன பஞ்சு அப்படியே இருக்கும். தூளுக்கு மேல் எதைப் போட்டாலும் குழி விழும்.

அளவுக்கு வருவோம். ரெக்சின் 54 அங்குல அகல உருளையாக வரும். மைனர் சீட்டு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய 6 யார் போகும். தோல் மாட்டின் வடிவத்தில் வருகிறது, உருளையாக அல்ல. அதனால் 1 யார் ரெக்சினுக்கு 18 சதுர அடி தோல் என்று கணக்கு வைப்பது வழக்கம், வெட்டுக் கழிவும் அதற்குள் அடங்கும். 6 × 18 = 108 சதுர அடி. கதவுப் பலகைக்கு இன்னும் 2 யார் என்றால் 144. முழு மாட்டுத் தோல் ஒன்று 45 முதல் 55 சதுர அடி. ஆகவே சீட்டும் கதவும் முழுக்கத் தோலில் என்றால் மூன்று. ஒன்றரை என்பவர் கழிவைக் கணக்கில் எடுக்கவில்லை. நாலு என்பவருக்கு மிச்சத் துண்டு கைப்பைக்கு ஆகும்.

ஆனால் முழுக்கத் தோலே வேண்டியதில்லை. அந்தக் காலத்துப் பிரித்தானிய வண்டிகளில் தோல் சீட்டு என்று விற்றவற்றில் பலதிலும் உடம்பு படும் முகத்தில் மட்டும்தான் தோல். பக்கம், முதுகு, கீழ் ஓரம் எல்லாம் அதே நிறத்து ரெக்சின். உங்களுடையது இரண்டு கதவு. பின்னால் ஏறுகிறவர் ஒவ்வொரு முறையும் முன் சீட்டை மடக்கி, அதன் முதுகில் சப்பாத்தை உரசிக்கொண்டுதான் ஏறுவார். அந்த இடத்தில் ரெக்சின்தான் புத்தி.

முகம் மட்டும் என்றால் கணக்கு இப்படி வரும். முன் சீட்டு இரண்டும் சேர்த்து 13 சதுர அடி, பின் சீட்டு அடியும் சாய்வும் 13 அல்லது 14. மடிப்புக்கும் தையல் ஓரத்துக்கும் 30 சதவீதம் கூட்டினால் 35. வெட்டுக் கழிவோடு 54. ஒரு பெரிய தோலில் மூச்சுப் பிடித்து முடிக்கலாம், ஒரு துண்டு பிழைத்தால் கதை கந்தல். 45 சதுர அடித் தோல் இரண்டு எடுங்கள். பைப்பிங்குக்கும் (தையல் விளிம்பில் ஓடும் கயிறு வைத்த பட்டி) பிறகு ஒட்டுப் போடவும் அதே தோலில் துண்டு மிஞ்சும். வேறொரு நாள் வேறொரு தோல் வாங்கினால் நிறம் ஒத்து வராது. பக்கங்களுக்கு 3 யார் ரெக்சின் போதும்.

டிக்கோயா1098

நன்றி அண்ணன். தாள் வேலை செய்தேன். இடது கதவுப் படி ஓரம் நனைந்திருந்தது, மற்ற இடமெல்லாம் காய்ந்த தாள். முன் இடது சீட்டையும் கழற்றினேன். மஞ்சள் தூள் ஒரு வாளி. அடியில் ரப்பர் பட்டிகள், மூன்று அறுந்து தொங்குகின்றன. குழாய்ச் சட்டத்தின் கீழ்ப்பக்கம் துரு, கையால் தட்டினால் செதிள் விழுகிறது.

ஒரு கடையில் தோல் என்று ஒரு துண்டு தந்தார்கள். முகம் மினுமினுப்பாக, கோடுகள் ஒரே சீராக இருக்கின்றன. பின்பக்கம் மெல்லிய துணி. இது எடுக்கலாமா?

கம்பளை_வாக்கிங்ஃபுட்

பின்பக்கம் துணி என்றால் அது தோலே அல்ல. ஒன்று பியூ ரெக்சின், இல்லாவிட்டால் தோல் தூளைப் பசையில் குழைத்துத் துணியில் பூசிய பொண்டட் லெதர். இரண்டின் முகத்திலும் இருப்பது பொலியூரிதேன் படலம். ஈரக் காற்று அந்தப் படலத்தை உள்ளிருந்தே அறுக்கும். சில வருடத்தில் பாம்புச் சட்டை மாதிரி உரியும். பழைய பிவிசி ரெக்சின் வெடிக்கும், ஆனால் இப்படி உரியாது. மலைநாட்டில் பியூவை விட நல்ல பிவிசி எவ்வளவோ மேல்.

உண்மைத் தோலைக் கையில் எடுத்துப் பார்க்கும் விதம்: பின்பக்கம் நார் நாராக, சுவேட் மாதிரி இருக்கும். வெட்டு முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் நீலம் கலந்த சாம்பல் தெரிந்தால் குரோமில் பதனிட்டது, உங்களுக்கு வேண்டியது அதுதான். வெட்டு முகம் முழுக்க மண்ணிறம் என்றால் பெரும்பாலும் பட்டைச் சாற்றில் பதனிட்டது. செருப்புக்கும் பெல்ட்டுக்கும் நல்லது, சீட்டில் நனைந்து காய்ந்தால் விறைத்துவிடும். (முழுக்கச் சாயம் ஊறிய தோலில் வெட்டு முகமும் சாய நிறத்தில் இருக்கும். அப்போது என்ன பதனீடு என்று கேட்டே வாங்க வேண்டும்.) அடுத்து முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு உருண்டையாக நின்றால் மேலே நிறப்பூச்சுப் படலம் இருக்கிறது. உடனே உறிஞ்சிக் கறுத்தால் பூச்சில்லாத தோல். கைக்குப் பட்டு மாதிரி இருக்கும், டிக்கோயாவுக்கு ஆகாது.

தடிப்பு 1.0 முதல் 1.2 மி.மீ. ஜெக்கட் தோல் 0.7, 0.8 மி.மீ. வரும், சீட்டில் இழுபட்டுத் தொய்யும். கைப்பைத் தோல் 1.6க்கு மேல் போனால் மடிப்புத் தையலில் நாலு தடிப்பு சேரும் இடத்தில் மெஷின் நின்றுவிடும். தோலின் பின்னால் சதுர அடி முத்திரை அடித்திருக்கும். விற்பவர் சொல்வதை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

வெட்டும்போது தோலை ஒரு நாள் விரித்துப் போட்டுப் படிய விடுங்கள். முதுகெலும்புக் கோட்டின் இரு பக்கமும் உள்ள பகுதிதான் இறுக்கமானது. உட்காரும் முகங்களை அதில் எடுங்கள். கழுத்தில் சுருக்கக் கோடு இருக்கும். வயிற்றுப் பக்கம் ரப்பர் போல இழுபடும், அதை உட்காரும் இடத்தில் போட்டால் ஆறு மாதத்தில் குளம் மாதிரி தொய்யும். இழுத்துப் பார்த்து, குறைவாக இழுபடும் திசை சீட்டின் அகலத்துக்கு வருகிற மாதிரி வையுங்கள். இடது சீட்டும் வலது சீட்டும் முதுகுக் கோட்டின் இரு புறமும் கண்ணாடியில் பார்த்தது போல அமைந்தால் இரண்டும் ஒன்று போலப் பழுக்கும். கத்தி வைப்பதற்கு முன் உண்ணிக் கடி, முள் கீறல், சூட்டுக் குறி எல்லாவற்றையும் சோக்கால் வட்டம் போட்டு விடுங்கள். வெட்டிய பிறகு கண்டுபிடித்தால் அழத்தான் வேண்டும்.

பழைய ரெக்சினைத் தையல் பிரித்து அச்சாக எடுக்கலாம். ஆனால் ஐம்பது வருடம் இழுபட்ட உறை அது, அப்படியே வெட்டினால் தோல் உறை பெரிதாக வரும். ஒவ்வொரு துண்டையும் தட்டையாக வைத்துக் கடதாசியில் வரைந்து, சீட்டின் இடப்பாதி வலப்பாதி இரண்டையும் மடித்து ஒப்பிட்டு, குறைவாக இழுபட்ட பாதியை அச்சாக எடுங்கள். தையல் ஓரம் 12 மி.மீ. ஒவ்வொரு துண்டின் நடுவிலும் மூலையிலும் சிறு வெட்டுக் குறி போட வேண்டும். முக்கியமாக, குண்டூசி குத்தக் கூடாது. ரெக்சினிலும் தோலிலும் போட்ட துளை போட்டதுதான். ஓரத்தைக் கிளிப்பால் பிடியுங்கள்.

உங்கள் சீட்டு கோட்டு வழியே வெடித்ததைப் பார்த்தால் மடிப்புகள் தைத்தவையல்ல, சூட்டில் அழுத்தி ஒட்டியவை. தோலில் அது நடக்காது, தைத்தே ஆக வேண்டும். அதனால் பழைய முகத்தின் அளவை அப்படியே எடுக்க முடியாது. நடுப்பகுதி 12 மடிப்பு, ஒவ்வொன்றும் கண்ணுக்கு 32 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரிவது 384 மி.மீ. ஒவ்வொரு கோட்டிலும் மடித்த விளிம்பிலிருந்து 3 மி.மீ. தள்ளித் தைத்தால் 6 மி.மீ. உள்ளே போகும். பஞ்சுக்கு மேல் மேடாக வளைவதற்கு இன்னொரு 3. ஆக மடிப்புக்கு 9, பன்னிரண்டுக்கு 108. வெட்ட வேண்டியது 492 மி.மீ., பக்கத் தையல் ஓரம் தனி. இந்தக் கணக்கை விட்டுவிட்டுத்தான் பல பேர் கடைசி இரண்டு மடிப்பை ஒல்லியாக்கிச் சமாளிக்கிறார்கள், பார்த்த உடனே தெரியும். தோலுக்கு அடியில் 10 மி.மீ. பஞ்சு, அதற்கடியில் இழுபடாத கலிக்கோத் துணி. துணியில் 32 மி.மீ.க்கு ஒரு கோடு, தோலின் பின்பக்கம் 41 மி.மீ.க்கு ஒரு கோடு. கோட்டோடு கோடு சேர்த்து நடுவிலிருந்து வெளிப்பக்கம் தையுங்கள். மடிப்பு முகத்துக்குப் போகும் துண்டை மட்டும் 0.9 அல்லது 1.0 மி.மீ.க்குச் சீவி வாங்கினால் கோடு கூர்மையாக நிற்கும்.

மெஷின் கட்டாயம் வாக்கிங் ஃபுட், அதாவது மேல் பாதமும் நடந்து மேல் தோலையும் சேர்த்து இழுக்கும் வகை. ஜூக்கி 1541 மாதிரியான ஒன்று. வீட்டு மெஷினில் மேல் தோல் பின்தங்கி, அடித் துணி முந்தி ஓடும். ஊசி தோலுக்கென்று முனை வெட்டியது, அளவு 110/18, நூல் டெக்ஸ் 70 (டெக்ஸ் என்பது நூலின் தடிப்பு எண்) பொண்டட் பொலியெஸ்டர். மேல் தையலுக்கு டெக்ஸ் 90, ஊசி 120/19. பருத்தி நூல் இந்த ஈரத்தில் உக்கும். தையல் ஒன்று 4 மி.மீ., அதாவது அங்குலத்துக்கு ஆறு. பலமாக இருக்கட்டும் என்று நெருக்கித் தைத்தால் முத்திரைத் தாளில் துளை போட்ட மாதிரிதான், அந்தக் கோட்டிலேயே கிழியும்.

பைப்பிங்: 4 மி.மீ. கயிறு, 38 மி.மீ. அகலப் பட்டி. துணி என்றால் குறுக்கு வாட்டில் வெட்ட வேண்டும், தோலுக்கு அந்தச் சிரமம் இல்லை. பட்டி சேரும் இடத்தைச் சரிவாக வெட்டி, விளிம்பைச் சீவி ஒட்டுங்கள். அந்தச் சேர்ப்பு சீட்டின் முன் விளிம்பில் வராமல் பின்னால் தள்ளுங்கள்.

ஊவா_தையல்

சட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. துருவைக் கம்பித் தூரிகையால் சுத்தமாக்கி, குழாய் மெலிந்த இடத்தில் வெல்டிங் வைத்து, சிங்க் பொஸ்பேட் பிரைமர் இரண்டு கை, மேலே எனமல். பூச்சு நன்றாகக் காய்ந்து மணம் போன பிறகுதான் பஞ்சு. ரப்பர் பட்டி மூன்று அறுந்திருந்தால் மிச்சமும் அறுகிற வயதுதான், எல்லாவற்றையும் மாற்றுங்கள். பட்டிக்கும் பஞ்சுக்கும் நடுவில் ஒரு தடித்த துணி போடாவிட்டால் பட்டி பஞ்சை அறுக்கும்.

பஞ்சு உட்காரும் இடத்துக்கு அடர்த்தி 30 முதல் 35 (கன மீற்றருக்குக் கிலோ), சாய்வுக்கு 25 போதும். கடையில் வெறுமனே "ஹார்ட்", "சொஃப்ட்" என்று விற்பார்கள், அடர்த்தி எவ்வளவு என்று கேளுங்கள். உறையை விடப் பஞ்சு எல்லாப் பக்கமும் 6, 7 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். ரெக்சின் உறையில் சுருக்கம் வந்தால் ஹீட் கன் காட்டினால் படியும். தோலுக்கு அந்த வித்தை செல்லாது. சூடு பட்ட இடத்தில் பூச்சு மினுங்கும், தோல் சுருங்கி விறைக்கும். உள்ளே இருந்து பஞ்சு தள்ளுவதுதான் தோலுக்கு இறுக்கம் தரும்.

உறை போடும் முறை: தோல் உறையையும் பஞ்சையும் வெயிலில் இல்லை, வெதுவெதுப்பான அறையில் ஒரு மணி நேரம் வையுங்கள். குளிரில் தோல் மரக்கட்டை. பஞ்சுக்கு மேல் மெல்லிய பட்டுத் துணியோ மெல்லிய பிளாஸ்டிக் தாளோ போட்டால் உறை வழுக்கிக்கொண்டு இறங்கும். பிளாஸ்டிக் போட்டால் உறை படிந்ததும் ஞாபகமாக உருவி எடுங்கள். சிலர் விட்டுவிடுவார்கள், பிறகு ரெக்சின் மேல் தோல் ஒட்டிய அதே கதைதான். முதலில் நான்கு மூலை, பிறகு நடு, பிறகு இடைவெளிகள். ஹொக் ரிங் (உறையைச் சட்டத்தோடு கவ்விப் பிடிக்கும் கம்பி வளையம்) நாகம் பூசியதாக இருக்க வேண்டும். வெறும் இரும்பு ஈரத்தில் துருப்பிடித்துத் தோலில் கறை விடும், அந்தக் கறை போகாது.

பசை பற்றி ஒன்று. கான்டாக்ட் பசை பூசியதும் கரைப்பான் ஆவியாகப் போகும்போது மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் கூடினால் அந்தக் குளிர்ந்த மேற்பரப்பில் பனி படிந்து பசை பால் மாதிரி வெளுக்கும். அன்றைக்கு ஒட்டினது போலத் தெரியும், அடுத்த மாதம் கையோடு வரும். மூடுபனி நாளில் பசை டின்னைத் திறக்கவே கூடாது. ஹட்டன், நுவரெலியாப் பக்கம் இந்த வேலைக்கு ஜனவரி முதல் மார்ச். தேயிலைக்காரர் திம்புல சீசன் என்று சொல்கிற அந்தக் காய்ந்த காற்றுதான் பசைக்கும் நல்லது. பண்டாரவளை, பதுளைப் பக்கம் என்றால் ஜூலை, ஆகஸ்ட்.

நானுஓயா_ஷெட்

எல்லோரும் தோல் போடும் விதத்தைச் சொல்லிவிட்டீர்கள். போடாமல் விடுவதையும் ஒருவர் சொல்லட்டும். வண்டி கிழமைக்கு ஒரு நாள்தான் ஓடும், மற்ற நாளெல்லாம் ஷெட்டில் மூடி நிற்கும் என்றால் நல்ல பிவிசி ரெக்சினைத் தைத்த மடிப்போடு போடுங்கள். இங்கிலாந்தில் நியூட்டன் கொமர்ஷல் போன்றவர்கள் மைனருக்கென்றே உறை தைத்து விற்கிறார்கள், 1966க்கான முறையான வடிவமும் கிடைக்கும். தோல் சீட்டுக்கு ஆள் உட்கார வேண்டும், கதவு திறந்து மூட வேண்டும். பூட்டி வைக்கிற வண்டிக்குத் தோல் வீண்.

இல்லை, தோல்தான் என்றால் பராமரிப்பை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். காற்றின் ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் வரும். ஒரு சின்ன ஈரமானியை வண்டிக்குள் வையுங்கள். மழை நாளில் ஓட்டிவிட்டு வந்ததும் ஈரக் குடை, ஈர ஜெக்கட், ஈர விரிப்பு எதையும் உள்ளே விடாதீர்கள். கண்ணாடியை இரண்டு பக்கமும் விரல் தடிப்புக்குத் திறந்து விடுங்கள். பிளாஸ்டிக் உறையால் வண்டியைப் போர்த்துவது தோலைக் கொல்வதற்குச் சமம், மூச்சு விடுகிற துணி உறை போடுங்கள். சிலிக்கா ஜெல் பை வைத்தால் நிறம் மாறியதும் எடுத்து 120 பாகை செல்சியஸில் ஓவன் அடுப்பில் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். திறந்த ஷெட்டில் கண்ணாடியும் திறந்திருந்தால் ஜெல்லால் பயனில்லை. ஊரின் ஈரத்தையெல்லாம் ஒரு பையால் குடிக்க முடியுமா?

பூஞ்சணம் வந்துவிட்டால்: சீட்டை வெளியே எடுத்து, காய்ந்த மென்மையான தூரிகையால் தட்டி (முகமூடியோடு), ஐசோப்ரொப்பில் அல்கஹோலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றில் காயவிடுங்கள். முதலில் சீட்டின் அடியில் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள், பூச்சு கரைந்து துணியில் நிறம் வந்தால் நிறுத்துங்கள். பிளீச் வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் பூசுவதை இந்த ஊரில் யாராலும் நிறுத்த முடியவில்லை. இரண்டு நாள் பளபளக்கும், பிறகு பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. சப்பாத்துப் பொலிஷும் கூடாது, வெள்ளை உடுப்போடு கோயிலுக்குக் கிளம்பும் அன்றைக்குத்தான் அது தெரியவரும். பூச்சுள்ள தோலுக்கு வருடத்தில் இரண்டு தரம், நீர்க் கலவையான தோல் கிரீம் மெல்லிசாகப் போதும்.

டிக்கோயா1098

வண்டி கிழமையில் நாலு நாள் ஓடும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் விடுவதே அதில்தான். ஆகவே முகத்துக்குத் தோல், மற்றதுக்கு ரெக்சின் என்று முடிவு. ஜனவரியில் தொடங்கலாம். அதுவரை இடது கதவை என்ன செய்வது? கதவுப் பலகையின் கீழ் ஓரம் ஊதி, அட்டை பிட்டு மாதிரி உதிர்கிறது.

கம்பளை_வாக்கிங்ஃபுட்

அந்தக் கதவுதான் உங்கள் நனைந்த தாளுக்கும் காரணம். கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையில் தண்ணீர் இறங்குவது இயல்பு, கதவு அதற்கென்றே கீழே வடிகால் துளையோடு செய்யப்பட்டது. துளை சேற்றாலோ பழைய பெயின்டாலோ அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கிப் பலகைக்கு ஏறும்.

கண்ணாடி சுற்றும் கைப்பிடியைக் கழற்ற, ஆண்டைப் பொறுத்து நடுவில் ஸ்க்ரூ இருக்கும், அல்லது பின்னால் உள்ள வளையத்தை உள்ளே அழுத்தினால் குறுக்கே ஒரு சிறு பின் தெரியும், அதைத் தட்டி எடுக்க வேண்டும். கைப்பிடியை நெம்பாதீர்கள். பிறகு பலகையை அகலமான தட்டையான கருவியால், ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்திலேயே வைத்து நெம்புங்கள். தூரத்தில் நெம்பினால் கிளிப் நிற்கும், அட்டை கிழியும்.

உள்ளே பார்த்தால் பிளாஸ்டிக் தாள் இருக்காது, யாரோ எப்போதோ கிழித்து எறிந்திருப்பார்கள். வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, ஒரு குவளைத் தண்ணீரை மேலிருந்து ஊற்றி, கீழே வழிகிறதா என்று பாருங்கள். கதவுக்குள் அடியில் துருத் தடுப்பு மெழுகு அடியுங்கள், மெழுகு துளையை அடைக்காமல் திரும்பவும் குத்தி விடுங்கள். தடித்த பொலித்தீன் தாளைப் பியூட்டில் பட்டியால் சுற்றிலும் ஒட்டுங்கள். தாளின் கீழ் ஓரம் மட்டும் கதவின் உள்பக்கம் போக வேண்டும், அப்போதுதான் தாளில் பட்டு வழிவது திரும்பக் கதவுக்குள் விழும். இதை வெளியே மடித்து ஒட்டுகிறவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்தால் தாள் இருந்தும் பலகை நனையும்.

புதுப் பலகைக்கு 3 மி.மீ. ஹார்ட்போட் வெட்டி, உறை போடுவதற்கு முன் இரண்டு பக்கமும் விளிம்பும் கிளிப் துளையும் வார்னிஷ் இரண்டு கை. விளிம்பை விட்டுவிட்டால் மற்ற இடத்துக்குப் பூசியதும் வீண், அட்டை தண்ணீர் குடிப்பது விளிம்பால்தான். பழைய பலகையை எறிந்துவிடாதீர்கள், கிளிப் துளை எங்கே என்று காட்ட வேறு அச்சு கிடையாது. உதிர்ந்த கீழ் ஓரத்தின் துளைகளை வலது கதவுப் பலகையைக் கவிழ்த்துப் போட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

டிக்கோயா1098

துளை மூன்று இருந்தது, மூன்றும் அடைப்பு. ஒன்றிலிருந்து குத்தியதும் கறுப்புத் தண்ணீர் அரைப் போத்தல் அளவுக்கு வந்தது. தாளும் ஒட்டியாகிவிட்டது. நேற்று இரவு முழுக்க மழை, காலையில் பத்திரிகை காய்ந்திருக்கிறது.